ஈயம் தட்டிக் குழல் அளவெடுத்தல்: பெங்களூரு நண்பர்களின் கேள்விகளும் பதில்களும்

பெங்களூரில் ஏர் ரைஃபிள், .22, லைசென்ஸ் ரிவால்வர் வைத்திருக்கும் தமிழ் நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பெயர்களை விட்டு ஊர்ப்பகுதியை மட்டும் போட்டிருக்கிறேன். எல்லாப் பதிலுக்கும் பொதுவான ஒன்று: துப்பாக்கி காலியா என்று கண்ணால் பாருங்கள், பிறகு விரல் விட்டும் பாருங்கள். அதற்கப்புறம்தான் சுத்தியைத் தொட வேண்டும். குண்டுகள் அந்த அறையிலேயே இருக்கக்கூடாது.

அல்சூர்: ஈயம் தட்டி அளவெடுப்பது என்றால் என்ன? ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள் சார்.

ரைஃப்ளிங், அதாவது குண்டைச் சுழலவைக்கும் திருகுப் பள்ளங்கள், உள்ள பேரலுக்கு இரண்டு விட்டங்கள் உண்டு. மேட்டுக்கு மேடு ஒன்று, பள்ளத்துக்குப் பள்ளம் ஒன்று. குண்டு இறுக்கமாக உட்காருமா, வாயு பக்கவாட்டில் கசியுமா என்பதைத் தீர்மானிப்பது பள்ளத்தின் விட்டம். வெளியிலிருந்து எந்தக் கருவியை விட்டாலும் பள்ளத்தின் அடி எளிதில் அகப்படாது. அதனால் சற்றே பெரிய மெத்தென்ற ஈயத்துண்டை உள்ளே தள்ளி அச்செடுக்கிறோம். பேரலின் பள்ளம் ஈயத்தில் மேடாக வரும். ஈயத்தின் மேட்டுக்கு மேடு அளந்தால் அதுதான் பேரலின் பள்ள விட்டம். இந்தத் தலைகீழ்க் கணக்கை முதலில் மனதில் இருத்திக்கொள்ளுங்கள். பாதிப் பேர் இங்கேதான் குழம்புகிறார்கள்.

செய்முறை: பேரலை நன்றாகத் துடைத்து, பழைய ஈயக்கறையும் செம்புக்கறையும் போன பிறகு, லேசாக எண்ணெய் நனைத்த துணியை ஒருமுறை இழுங்கள். எண்ணெய் வழியக்கூடாது. பள்ளத்தில் எண்ணெய் தேங்கினால் ஈயம் அடிவரை இறங்காது, அளவு குறைவாக வரும். ஈயத்துண்டு பள்ள விட்டத்தைவிட 0.1 முதல் 0.2 மி.மீ. பெரியதாக இருந்தால் போதும். 4.5 மி.மீ. ஏர் ரைஃபிளுக்கு 4.7 மி.மீ. தடிமனும் 5, 6 மி.மீ. நீளமும் சரி. அதைவிட நீளமானால் உராய்வு கூடி நடுவழியில் நின்றுவிடும். ரொம்பக் குட்டையானால் சாய்ந்து போய் நீள்வட்டமாக வெளியே வரும்.

துண்டுக்கும் ஒரு சொட்டு எண்ணெய் தடவுங்கள். பேரலை மரத்தாடை வைத்த வைஸில் மெதுவாகப் பிடியுங்கள். மரச்சுத்தியால் தட்டித் துண்டைப் பேரலின் வாயில் நுழைத்தால் ஓரத்தில் மெல்லிய ஈய வளையம் சீவி விழும். அது விழுவது நல்லது, துண்டு முழுதாக நிரம்பியிருக்கிறது என்று பொருள். பிறகு பித்தளை ராடு. 4.5-க்கு 4 மி.மீ. ராடு, முனை தட்டையாக, பிசிறில்லாமல் இருக்கட்டும். நுழைந்ததும் சுத்தியை வைத்துவிட்டுக் கையால் தள்ளுங்கள்.

இங்கேதான் உண்மையான விஷயம் இருக்கிறது. வெளியே வந்த துண்டு ஒரே ஒரு எண்ணைத்தான் சொல்லும், அதுவும் பேரலின் மிக இறுக்கமான இடத்தின் எண்ணை. மீதியை உங்கள் உள்ளங்கை சொல்லும்: எங்கே சட்டென்று தளர்ந்தது, எங்கே பிடித்தது, எங்கே சொரசொரவென்று போனது. ராடில் மார்க்கர் பேனாவால் அந்தந்த இடத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு இதை விட்டுவிட்டால் அளவெடுத்ததில் பாதி வீண்.

ஃப்ரேசர் டவுன்: வெர்னியர் போதுமா?

போதாது. கடைகளில் கிடைக்கும் .177 (அதாவது 4.5 மி.மீ.) பெல்லட்டின், ஏர் ரைஃபிள் குண்டின், தலை அளவுகள் பெரும்பாலும் 4.49 முதல் 4.52 வரை. மொத்த வித்தியாசமே 0.03 மி.மீ. சாதாரண வெர்னியரின் மீச்சிற்றளவு 0.02. மைக்ரோமீட்டர் வாங்குங்கள். எஸ்.பி. ரோடு பக்கம் கருவிக் கடைகளில் 0–25 மி.மீ. கிடைக்கும். 0.001 வரை காட்டுவது நல்லது, 0.01 ஆனாலும் வேலை நடக்கும்.

சிவாஜிநகர்: ஈயம் எங்கே வாங்குவது? பழைய கார் பேட்டரியில் நிறைய இருக்கிறதே அண்ணே.

பேட்டரித் தகட்டைத் தொடவே வேண்டாம். அதில் ஆன்டிமனி, கால்சியம் எல்லாம் கலந்திருக்கும், அமிலம் ஊறியிருக்கும், உருக்கினால் நச்சு வாயு வரும். தூண்டில் சாமான் விற்கும் கடையில் ஈயக்குண்டு வாங்குங்கள். எக்ஸ்ரே அறைக்குப் போடும் ஈயத்தகட்டின் வெட்டுத்துண்டு பழைய இரும்புக் கடையில் கிடைத்தால் இன்னும் நல்லது. மின்மீட்டர், எடைத்தராசுகளுக்குப் போடும் ஈய சீலும் மெத்தென்றிருக்கும். வீட்டு மீட்டரிலிருந்து பிடுங்கிவிடாதீர்கள், அது வேறு வழக்கு.

சோதனை எளிது: நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும். சுத்த ஈயத்தின் பிரினெல் கடினம் சுமார் 5. டயர்காரர் கிளிப்பால் மாட்டும் சக்கர எடை அதைப்போல இரண்டு மடங்கு, இப்போது பலதும் துத்தநாகம் அல்லது இரும்பு. கடின ஈயம் பேரலை விட்டு வெளியே வந்ததும் கொஞ்சம் விரிந்துகொள்ளும். பிறகு உங்கள் பேரல் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும்.

உருக்கித்தான் ஆக வேண்டுமென்றால் 327 டிகிரியில் உருகும். சமையலறையில் கூடாது. உருகிய ஈயத்தில் ஈரத்துண்டைப் போட்டால் ஆவி வெடித்து முகத்தில் தெறிக்கும். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் டீ கிளாஸைத் தொடாதீர்கள்.

ராஜாஜிநகர்: மகள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சிக்குப் போகிறாள். பெல்லட் அளவு தெரிய ஈயம் தட்டலாமா?

வேண்டாம் அம்மா. போட்டி ரைஃபிளின் பேரலில் சுத்தியும் ராடும் எதற்கு? 4.49, 4.50, 4.51, 4.52 என்று நான்கு டப்பா வாங்கி, ரைஃபிளைக் கிளாம்பில் பூட்டி, 10 மீட்டரில் ஒவ்வொன்றிலும் பத்துப் பத்துக் குண்டு சுட்டுப் பாருங்கள். எந்த டப்பா மிகச் சிறிய துளையை விடுகிறதோ அதே தொகுதி எண்ணில் மொத்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். பத்தாவது வட்டம் 0.5 மி.மீ. புள்ளிதான். அங்கே ஈயத்துண்டின் சாட்சியத்தைவிடத் தாளின் சாட்சியம் பெரிது.

கம்மனஹள்ளி: என் பிரேக்-பேரல் ஏர் ரைஃபிளில் முன்பக்கம் மட்டும் இறுகுகிறது. பேரல் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. அது சோக். பல ஏர் ரைஃபிள்களில் வாய்ப்பக்கம் கடைசி அங்குலம், ஒன்றரை அங்குலத்தை வேண்டுமென்றே மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு சுருக்கியிருப்பார்கள். நீங்கள் முழுதாகத் தள்ளி எடுத்த துண்டு சோக்கின் அளவைத்தான் காட்டுகிறது. நடுப்பகுதி வேண்டுமென்றால் பின்னாலிருந்து பாதிவரை தள்ளி, வாய்வழியாக இன்னொரு ராடு விட்டுத் திரும்பப் பின்னுக்கே தள்ளி எடுங்கள். இன்னும் துல்லியமாக வேண்டுமா? வேண்டிய இடத்தில் துண்டு நிற்கும்போது இருபுறமும் ராடு வைத்து ஒன்றை அழுத்திப் பிடித்து, மற்றதை இரண்டு தட்டு தட்டுங்கள். ஈயம் அந்த இடத்திலேயே பருத்து நிரம்பும்.

பேரலை முழுதாக மடக்கி ஸ்பிரிங் ஏற்றி வைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள். கொக்கி நழுவினால் பேரல் விரலோடு மூடும். பிவட் போல்ட்டைக் கழற்றிப் பேரலைத் தனியாக எடுங்கள்.

பானஸ்வாடி: டிஜிட்டல் வெர்னியர் இருக்கிறது, 0.01 காட்டுகிறது. அது சரிதானே?

திரையில் 0.01 தெரியும், தாடை அவ்வளவு துல்லியமல்ல. மைக்ரோமீட்டர்.

பீன்யா: டூல்ரூமில் (கருவிகள் செய்யும் பட்டறையில்) வேலை. எந்த அளவும் 20 டிகிரியில்தான் சொல்லவேண்டும். ஈயம் இரும்பைவிட இரண்டரை மடங்கு விரிகிறது. வெப்பநிலையைச் சொல்லாமல் 0.001 பற்றிப் பேசுவது அர்த்தமில்லை.

இது நல்ல கேள்வி, கணக்கைப் போட்டே பார்ப்போம். ஈயத்தின் விரிவுக் குணகம் டிகிரிக்கு மில்லியனில் 29 பங்கு. 4.5 மி.மீ. துண்டு கைச்சூட்டில் 10 டிகிரி ஏறினால் 4.5 × 0.000029 × 10, அதாவது 0.0013 மி.மீ. பெல்லட் தலைகளுக்கு இடையே உள்ள படி 0.01. அதில் எட்டில் ஒரு பங்குக்காக ஏசி அறை தேடவேண்டாம். துண்டை மேசையில் கால்மணி நேரம் வைத்துவிட்டு அளந்தால் போதும்.

மறுபடி பீன்யா: அப்படியானால் உங்கள் பிழை எங்கே வருகிறது? ஒரே துண்டை மூன்று பேர் அளந்தால் மூன்று எண் வருகிறதே.

அழுத்தத்தில் வருகிறது. மைக்ரோமீட்டரின் நுனியில் திருகும் ராட்செட் 5 முதல் 10 நியூட்டன் விசையில் வழுக்கும்படி செய்தது. இரும்புக்கு அது ஒன்றுமில்லை. மெல்லிய ஈய மேட்டின்மேல் அதே விசை விழுந்தால் மேடு நசுங்கும். ராட்செட்டை 'டிக் டிக் டிக்' என்று மூன்று தரம் சுழற்றுவது டூல்ரூம் பழக்கம், இங்கே அதுவே பிழை. முதல் டிக்கோடு நிறுத்துங்கள். அளந்த இடத்தையே மறுபடி அளக்காதீர்கள், துண்டை அச்சுவாட்டில் ஒரு மில்லிமீட்டர் நகர்த்திப் புது இடம் எடுங்கள். முதலாமவர் நசுக்கியதைத்தான் மூன்றாமவர் அளந்திருக்கிறார்.

பொம்மசந்திரா: பின் கேஜ் (துல்லியமான விட்டமுள்ள இரும்புப் பின்) போட்டால் இந்தத் தலைவலியே இல்லையே? 0.01 படியில் செட்டாகவே கிடைக்கிறது. பீன்யா நண்பர் சொல்வதுதான் சரி.

பின் கேஜ் மேட்டுக்கு மேடு அளவை அழகாகச் சொல்லும், மறுக்கவில்லை. பள்ளத்தின் அடிக்கு அது போகாது. தேய்மானம் பார்க்க, மேடு மழுங்கிவிட்டதா என்று தெரிய, பின் கேஜ் ஈயத்தைவிட மேல். ஆனால் கடின இரும்புப் பின்னை எண்ணெயில்லாமல் திணிக்காதீர்கள், சுத்தியால் தட்டவே தட்டாதீர்கள். இரண்டும் வைத்திருப்பவர் ஈயத்தின் அளவிலிருந்து பின்னின் அளவைக் கழித்து, வருவதில் பாதி போட்டால் பள்ளத்தின் ஆழமும் கிடைத்துவிடும். இந்தச் சண்டையை இங்கே முடித்துக்கொள்வோம். வெப்பநிலை பற்றி இன்னும் நான்கு கடிதம் வந்திருக்கிறது, நான்குக்கும் மேலே போட்ட கணக்கே பதில்.

ஜாலஹள்ளி: ஐந்து பள்ளம் உள்ள பேரல். மேட்டுக்கு எதிரே பள்ளம் வருகிறது. எப்படி அளப்பது?

இதற்காகத்தான் காத்திருந்தேன். ஒற்றைப்படைப் பள்ளம் உள்ள பேரலில் தட்டை முனை மைக்ரோமீட்டர் பொய் சொல்லக்கூடும். ஈஷாப்பூரில் செய்த பழைய லீ-என்ஃபீல்ட் ரைஃபிள் ஐந்து பள்ளம், இடப்பக்க முறுக்கு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர்கள் பலவும் ஐந்து. வெப்லி ரிவால்வர் ஏழு. உங்களுடையது எத்தனை என்று துண்டைப் பார்த்து எண்ணுங்கள், கேட்டலாக்கை நம்பவேண்டாம்.

சரியான கருவி வி-ஆன்வில் மைக்ரோமீட்டர், அதாவது ஒரு தாடை V வடிவில் இருப்பது. மூன்று பள்ளத்துக்கு 60 டிகிரி, ஐந்துக்கு 108 டிகிரி, ஏழுக்கு 128 டிகிரி 34 நிமிடம். ஒன்றுக்கு வாங்கியதை மற்றதில் போட்டால் எண் தப்பு. மூன்று, ஐந்து பல் உள்ள ரீமர் (துளையைப் பெரிதாக்கும் கருவி), மில்லிங் கட்டர் அளக்க டூல்ரூம்களில் வைத்திருப்பார்கள். பீன்யா நண்பரிடம் கேளுங்கள், சண்டை ஓய்ந்த பிறகு.

கருவி கிடைக்காவிட்டால் இரண்டு வழி. ஒன்று, 0.03 மி.மீ. ஷிம் என்ற மெல்லிய உலோகத் தகட்டைத் துண்டின்மேல் ஒரு சுற்று, நுனிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், இறுக்கமாகச் சுற்றி அளந்து, தகட்டுத் தடிமனைப்போல இரண்டு மடங்கைக் கழியுங்கள். சுமாரான அளவு வரும், கொஞ்சம் குறைவாகவே வரும். இரண்டாவது வழியைப் பலர் கவனிப்பதில்லை: ஈயத்தின் மேடுகள் அதன் பள்ளங்களைவிட அகலமாக இருந்தால், சுற்றிவரும்போது ஒரு கோணத்தில் ஒரு மேட்டின் ஓரமும் எதிர்மேட்டின் ஓரமும் நேருக்கு நேர் வரும். துண்டை மெல்ல மெல்லத் திருப்பி வரும் மிகப்பெரிய எண்ணை எடுங்கள், அது உண்மைக்கு மிக அருகில் இருக்கும். மேடு குறுகலாக இருந்தால் இந்த வித்தை பலிக்காது.

மல்லேஸ்வரம்: லைசென்ஸ் .32 ரிவால்வர். பேரல் மட்டும் அளந்தால் போதுமா?

போதாது. சிலிண்டரின் ஒவ்வொரு அறையின் முன்வாயையும் அளக்க வேண்டும். அது பேரலின் பள்ள விட்டத்துக்குச் சமமாகவோ ஒரு மயிரிழை பெரியதாகவோ இருக்கவேண்டும். சிறியதாக இருந்தால் குண்டு அங்கேயே சுருங்கி, பேரலில் தளர்ந்து ஓடி, ஈயக்கறை படியும். ஆறு அறையும் ஒரே அளவாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். பேரலை ஃபிரேமில் மரையிட்டு ஏற்றிய ரிவால்வர்களில் அந்த இடத்தில் ஒரு இறுக்கம் இருக்கும், கை சொல்லும். அளவு தப்பென்றால் லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம்) கொண்டுபோங்கள். வீட்டில் ரீமர் போடாதீர்கள்.

கே.ஆர்.புரம்: 12 போர் இரட்டைக்குழல்?

ரைஃப்ளிங் இல்லை, ஈயம் வேண்டாம். குழலின் உள்விட்டம் அளக்கும் போர் கேஜ் போதும். பெயரளவு 18.5 மி.மீ.

பெயர், ஊர் இல்லை: நாட்டுத் துப்பாக்கிக்குப் பேரல் போட எந்தக் குழாய், எந்த அளவு?

பதில் கிடையாது. லைசென்ஸ் இல்லாமல் செய்வது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம்.

ஹெப்பால்: துண்டு நடுவில் மாட்டிக்கொண்டது. மரக்குச்சி உள்ளேயே உடைந்துவிட்டது. சுட்டு வெளியேற்றலாமா?

கூடவே கூடாது. பேரல் வீங்கும், வெடிக்கவும் செய்யலாம். ஏர் ரைஃபிளிலும் வேண்டாம். சூடேற்றவும் வேண்டாம், துரப்பணமும் வேண்டாம்.

மரக்குச்சி சாய்வாகப் பிளந்திருக்கும். முதலில் தள்ளிய பக்கத்திலிருந்தே தள்ளத் தள்ள ஆப்பு மாதிரி இறுகும். அதனால் வந்த வழியே திருப்புங்கள். இருபுறமும் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் எதிர்ப்பக்கத்திலிருந்து தட்டைமுனைப் பித்தளை ராடு விட்டு, பலத்த ஒரே அடியாக இல்லாமல், சிறிய அடிகளாகத் தட்டுங்கள். அசையவில்லை என்றால் கன்ஸ்மித். இதனால்தான் மரக்குச்சியே வேண்டாம் என்கிறேன்.

விஜயநகர்: மைக்ரோமீட்டர் இல்லை, வெர்னியர் மட்டும்...

மேலே இரண்டு முறை சொல்லியாயிற்று.

இந்திராநகர்: என் துண்டு 4.505 காட்டுகிறது. எந்த பெல்லட் வாங்க?

அது சோக்கிலிருந்து வந்த எண்ணா, நடுவிலிருந்தா? அதைச் சொல்லாமல் 4.505 பாதி எண். நடு அளவென்றால் 4.50, 4.51 இரண்டையும் சுட்டுப் பாருங்கள். துண்டைத் தூக்கி எறியாமல் சின்ன டப்பாவில் பஞ்சு வைத்துப் போட்டு, மேலே மூன்று விஷயம் எழுதுங்கள்: எந்தப் பக்கத்திலிருந்து தள்ளியது, எவ்வளவு தூரம் தள்ளியது, பள்ளம் எத்தனை. அடுத்த தடவை கேட்கும்போது அந்த மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள்.