புத்தகம் சேகரிப்பவர்களுக்கென்று தனி கிளப் எப்படி வந்தது? அது வெறும் பணக்காரர் கூட்டம்தானா?

சேர்த்த புத்தகங்களைக் காட்ட ஆள் கிடைக்காமல்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித் தேடியவள்தான்.

முதலில் வரலாறு. 1812 ஜூன் 17, லண்டன். ராக்ஸ்பர்க் பிரபுவின் நூலகம் ஏலத்தில் போய்க்கொண்டிருந்தது. 1471-ல் வெனிஸில் அச்சான, இத்தாலிய எழுத்தாளர் பொக்காச்சியோவின் ‘டெக்கமரான்’ கதைத் தொகுப்பு அன்று 2,260 பவுண்டுக்கு விலைபோனது. அன்று மாலை சேகரிப்பாளர்கள் கூடி விருந்துண்டார்கள். அதுதான் ராக்ஸ்பர்க் கிளப். ஏலத்தில் தோற்ற ஸ்பென்சர் பிரபுதான் முதல் தலைவர். அதே பிரதியை ஏழு வருடம் கழித்து 918 பவுண்டுக்கு வாங்கிவிட்டார்! பணக்காரர் கூட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் உறுப்பினர்கள் சொந்தச் செலவில் அரிய நூல்களை அச்சிட்டு மற்ற உறுப்பினர்களுக்குக் கொடுத்தார்கள். அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

என் வருத்தம் வேறு. நியூயார்க்கில் 1884-ல் க்ரோலியர் கிளப் தொடங்கியது. ‘க்ரோலியேவுக்கும் அவர் நண்பர்களுக்கும்’ என்று தன் புத்தக அட்டைகளில் பொறித்துவைத்த பதினாறாம் நூற்றாண்டு பிரெஞ்சு சேகரிப்பாளரின் பெயர் அது. அந்த நண்பர்களில் பெண்களைச் சேர்க்க 1976 ஆகிவிட்டது. பொறுத்துப் பார்த்த பெண்கள் 1944-லேயே ஹ்ரோஸ்விதா கிளப் என்று தனியாகத் தொடங்கிவிட்டார்கள்.

பழைய கதைதானே என்பீர்கள். சில வருடம் முன்பு ஒரு சேகரிப்பாளர் கூட்டத்துக்கு, ஓரமெல்லாம் யாரோ பென்சிலில் குறிப்பெழுதிய ஒரு முதல் பதிப்பைக் கொண்டுபோனேன். பெரியவர் ஒருவர் புரட்டிப் பார்த்துவிட்டு, “அப்பா சேர்த்து வைத்ததாம்மா?” என்றார். நல்ல மனிதர், குத்திப் பேசவில்லை. ஆனால் பத்து வருடம் தேடி நானே வாங்கியது அது. “நான்தான் சேர்த்தேன் ஐயா” என்றேன். அப்புறம் அவர் பக்கத்திலிருந்தவரிடம்தான் பேசினார். ஆண்களைக் குறை சொல்லவே எழுதுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அந்தப் பென்சில் குறிப்புகளின் அருமையை எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதே கூட்டத்தில் இருந்த ஒருவர்தான். அதற்காகவே இப்போதும் போகிறேன்.

அந்தப் புத்தகத்தைப் பிறகு பைண்டிங்குக்குக் கொடுத்தேன். ஓரத்தை வெட்ட வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன். மூன்று பக்கமும் மழமழவென்று வெட்டித் தந்துவிட்டார்கள். குறிப்புகளில் வரிக்கு வரி ஓரத்து இரண்டு மூன்று எழுத்துகள் இல்லை. நீங்கள் கொடுத்தால் சீட்டில் எழுதி, உள்ளேயே வைத்துக் கொடுங்கள்.