வெற்றுப் படிவத்தில் கையெழுத்துக் கேட்கிறார்: காரைக் கொடுக்கலாமா?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை, திருவரங்கத்தில் வசிக்கிறேன். 2016-ல் வங்கிக் கடனில் வாங்கிய காரை விற்றுவிட்டு, பிறகு கியர் இல்லாத சிறிய கார் ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறேன். கடன் 2021-லேயே அடைந்துவிட்டது. புரோக்கர் வேண்டாம், நேரடியாகவே முடித்துக்கொள்ளலாம் என்று அடுத்த தெருக்காரர் ஒருவர் திருச்சியிலேயே இருக்கும் தம் உறவினரை அழைத்து வந்தார். 3,40,000 ரூபாய்க்குப் பேசி முடித்திருக்கிறோம். ஐம்பதாயிரம் அட்வான்ஸ், வண்டி எடுக்கும் அன்று இரண்டரை லட்சம் ரொக்கம், மீதி மாதக் கடைசியில் என்கிறார். 29, 30 படிவங்களில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தால் பெயர் மாற்றத்தைத் தாமே பார்த்துக்கொள்வாராம். வாழ்க்கையில் இதுவரை ஒரு வண்டியையும் நான் விற்றதில்லை. சம்மதிக்கலாமா? மறுத்தால் அக்கம்பக்கத்தில் மனத்தாங்கல் வருமோ என்றும் தயக்கமாக இருக்கிறது.

— வாசகி, திருவரங்கம்

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

காரை நேரடியாக விற்பதில் தவறேதும் இல்லை; தாராளமாக விற்கலாம். ஆனால் அவர் சொல்லும் முறையில் விற்க வேண்டாம். நிரப்பப்படாத படிவங்களில் கையெழுத்திட்டு, முழுப் பணமும் வருவதற்கு முன்பே வண்டியையும் ஆர்.சி.யையும் ஒப்படைத்தால், காரின் மீது உங்களுக்கு இருக்கும் அதிகாரம் முழுவதும் போய்விடும். பொறுப்பு மட்டும் உங்கள் பெயரிலேயே நிற்கும். அந்த மனிதர் நேர்மையானவராகவே இருக்கலாம். அவருக்கு நாளை பணமுடை வந்து, பெயர் மாற்றாமலேயே உங்கள் கையெழுத்துள்ள படிவங்களோடு வண்டியை இன்னொருவருக்குத் தள்ளிவிட்டால், அந்த இன்னொருவர் யாரென்றுகூட உங்களுக்குத் தெரியாது.

இதை நான் அனுபவித்தவன். 2009-ல் என் பழைய காரை இப்படித்தான், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று நம்பிக் கொடுத்தேன். பதினோரு மாதம் கழித்து ஒரு காலை நேரத்தில் காவலர் ஒருவர், வண்டி எண் எழுதிய துண்டுத் தாளோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். வேறொரு ஊரில் சைக்கிளில் போனவரை இடித்துவிட்டு அந்தக் கார் நிற்காமல் போயிருந்தது, ஆர்.சி.யில் அப்போதும் என் பெயர்தான். வண்டியைக் கொடுத்த அன்று என் மனைவியின் வற்புறுத்தலால் கார்பன் தாள் வைத்து எழுதிய டெலிவரி நோட்டின் நகல் ஒரு பழைய டைரிக்குள் இருந்தது. தேதி, மாலை 4.20 என்ற நேரம், வாங்கியவரின் கையெழுத்து, முகவரி எல்லாம் அதில் இருந்ததால், ஓட்டியவன் நான் அல்ல என்று அன்றே தெளிவாயிற்று. அப்படியும் மூன்று முறை அந்த ஊர்க் காவல் நிலையத்துக்குப் போய் வந்தேன். அடிபட்டவர் பிழைத்துக்கொண்டார் என்று கேட்ட பிறகுதான் எனக்கு உறக்கம் வந்தது.

டெலிவரி நோட் காவல் நிலையத்தில் உதவும்; இழப்பீட்டு வழக்கில் அதை மட்டும் நம்ப முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் பார்வையில், யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர். நவீன் குமார் – விஜய் குமார் வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லியிருக்கிறது: 2007-ல் விற்கப்பட்டு, அதன் பிறகும் கை மாறிக்கொண்டே போன ஒரு கார் 2009-ல் விபத்துக்குள்ளானபோது, பெயர் மாற்றம் நடந்திராத காரணத்தால், பதிவேட்டில் இருந்த பழைய உரிமையாளரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. விபத்தைவிடக் கொடிய காரியத்துக்கும் இத்தகைய வண்டிகள் போய்ச் சேர்கின்றன. 2022 அக்டோபர் 23 அன்று கோவை கோட்டை ஈஸ்வரன் கோயில் அருகே வெடித்துச் சிதறிய மாருதி 800 பலர் கை மாறி வந்த வண்டி என்பதும், முன்பு அதை வைத்திருந்தவர்களைக் காவல்துறை தேடிப் பிடித்து விசாரித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும்.

ஆகவே பெயர் மாற்றத்தை வாங்குபவரின் வேலையாக மட்டும் எண்ணிவிடாதீர்கள். சட்டத்தின் 50-ஆவது பிரிவு விற்பவருக்கும் கடமை வைத்திருக்கிறது. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் விற்பவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குத்தான் 29-ஆம் படிவம். வாங்குபவர் 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு 30-ஆம் படிவம், அதிலும் உங்கள் கையெழுத்து உண்டு. இரண்டையும் பெயர், முகவரி, விற்ற தேதி உட்பட முழுவதும் நிரப்பிய பிறகே கையெழுத்திடுங்கள். போக்குவரத்துத் துறையின் பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பத்தைப் பதிவு செய்யும்போது நீங்களும் அருகில் இருங்கள். விண்ணப்ப எண்ணைக் குறித்துக்கொண்டால் அது எந்த நிலையில் இருக்கிறது என்பதை வீட்டிலிருந்தே பார்க்கலாம். பதிவேட்டில் உள்ள கைபேசி எண் இப்போது நீங்கள் பயன்படுத்தும் எண்தானா என்பதையும் இன்றே பாருங்கள். ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். அதை யாரேனும் தொலைபேசியில் கேட்டால் சொல்லாதீர்கள்; எதற்கான ஓ.டி.பி. என்று படித்துப் பார்த்து, உங்கள் கண்முன் நடக்கும் வேலைக்கு மட்டும் கொடுங்கள்.

அதற்கும் முந்திய வேலை ஒன்று உங்களுக்கு இருக்கிறது. கடன் அடைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நீங்கியதா என்று எழுதவில்லை. கடைசித் தவணை கட்டியவுடன் அந்தப் பெயர் தானாகப் போய்விடும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். கடன் பாக்கி இல்லை என்று வங்கி தரும் என்.ஓ.சி.யோடும், வங்கி முத்திரையிட்ட 35-ஆம் படிவத்தோடும் நாமே விண்ணப்பித்து ஹெச்.பி. எனப்படும் அந்தக் கடன் பதிவை ரத்து செய்துகொண்டால்தான் அது நீங்கும். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தால் விவரம் தெரிந்துவிடும். வங்கியின் பெயர் இன்னும் இருந்தால், 2021-ல் வாங்கி பீரோவில் வைத்திருக்கும் என்.ஓ.சி. இப்போது உதவாது, பொதுவாக அதன் ஆயுள் மூன்று மாதம்தான். கிளைக்குப் போய்ப் புதிதாகக் கேட்டு வாங்கி, ரத்து செய்து முடித்த பிறகு விற்பனைக்கு வாருங்கள். வண்டியின் மீது போக்குவரத்து அபராதம் ஏதும் நிற்கிறதா என்பதையும் இ-செல்லான் தளத்தில் பார்த்துக் கட்டிவிடுங்கள்.

இனி, பணம். இரண்டரை லட்சம் ரொக்கம் என்பதை உறுதியாக மறுத்துவிடுங்கள். ஒரே பரிவர்த்தனைக்காக இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது; மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்க முடியும், அதுவும் பெற்றுக்கொண்டவர் மீது. இன்று பாதி, நாளை பாதி என்று பிரித்துக் கொடுத்தாலும் விற்பனை ஒன்றுதான் என்பதால் தப்ப வழியில்லை. அட்வான்ஸ் உட்பட முழுத் தொகையையும் வங்கி வழியாகவே பெறுங்கள். இருவருமாக உங்கள் வங்கிக் கிளைக்குப் போய், அங்கேயே ஆர்.டி.ஜி.எஸ். மூலம் அனுப்பச் சொல்லி, கணக்கில் வரவு ஏறியதைக் கவுன்ட்டரில் உறுதி செய்துகொண்டு, அதன் பிறகு சாவியைக் கொடுப்பது எனக்குத் தெரிந்தவரை மிகவும் நிம்மதியான வழி. கைபேசிக்கு வரும் குறுஞ்செய்தியை மட்டும் பார்த்துப் பணம் வந்துவிட்டதாக எண்ண வேண்டாம். அப்படிப்பட்ட செய்தியைப் போலியாக அனுப்ப முடியும். காசோலை என்றால் பணமாகும் வரை வண்டி வீட்டிலேயே நிற்கட்டும். டி.டி. தந்தால் அதை வழங்கிய கிளையில் கேட்டு உறுதி செய்யுங்கள். மீதி நாற்பதாயிரத்தை மாதக் கடைசியில்தான் தர முடியும் என்றால், வண்டியையும் மாதக் கடைசியிலேயே எடுத்துக்கொள்ளட்டும். அதுவரை வேறு யாருக்கும் விற்க மாட்டேன் என்று, அட்வான்ஸ் தொகையைக் குறிப்பிட்டு, இருவரும் கையெழுத்திட்ட தாள் ஒன்றைக் கொடுங்கள். அவருக்கும் அது பாதுகாப்பு.

ஒப்படைக்கும் நாளில் டெலிவரி நோட் இரண்டு பிரதி எழுதுங்கள். வண்டி எண், என்ஜின் எண், சேசிஸ் எண், தொகை வந்த விதம், மீட்டர் காட்டும் கிலோமீட்டர், தேதி ஆகியவற்றோடு நேரத்தையும் நிமிடம் வரை குறிப்பிட்டு, இந்த நேரத்துக்குப் பிறகு இவ்வண்டியால் வரும் எல்லாவற்றுக்கும் வாங்குபவரே பொறுப்பு என்று எழுதி, அடுத்த தெருக்காரரையே சாட்சியாகக் கையெழுத்திடச் சொல்லலாம். வாங்குபவரின் அடையாளச் சான்று, முகவரிச் சான்று நகல்களை வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுக்கும் ஆதார் நகலின் குறுக்கே, இன்ன எண்ணுள்ள கார் விற்பனைக்கு மட்டும் என்று பேனாவால் எழுதிக் கொடுங்கள். வண்டி என்றைக்காவது இடிபட்டிருந்தால், என்ன நடந்தது, எங்கே வேலை பார்த்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அவரிடம் நேர்மையைக் கேட்கிற நாம் அதில் குறை வைக்கக் கூடாது.

காப்பீட்டில் பலரும் கவனிக்காத ஒரு லாபம் உங்களுக்கு இருக்கிறது. இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகக் கிடைக்கும் போனஸ் காருக்கு உரியது அல்ல, உங்களுக்கு உரியது. தொடர்ந்து ஐந்தாண்டுகள் கோரிக்கை ஏதும் இல்லாவிட்டால், நம் காரின் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் வரை அது தள்ளுபடியாகக் கிடைக்கும். விற்பனைச் சான்றைக் காட்டி, அந்த போனஸை உங்கள் பெயரில் நிறுத்திவைக்கும் கடிதத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். மூன்றாண்டுகளுக்குள் வாங்கும் புதிய காருக்கு அது செல்லும். கியர் இல்லாத கார் வாங்க எண்ணியிருக்கும் உங்களுக்கு இது சிறிய தொகை அல்ல. வாங்குபவர் 14 நாட்களுக்குள் பாலிசியைத் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பதை அவரிடம் சொல்லுங்கள்; மாற்றாவிட்டால் அவருடைய காருக்கு ஏற்படும் சேதத்துக்குப் பணம் கிடைக்காது. ஃபாஸ்டேகை வண்டி போகும் நாளிலேயே வழங்கிய வங்கி மூலம் மூடிவிடுங்கள். இல்லையேல் அவர் கடக்கும் சுங்கச் சாவடிக் கட்டணம் உங்கள் கணக்கிலிருந்து போகும். காரின் திரையில் உங்கள் கைபேசித் தொடர்புகள் பதிந்திருந்தால் அவற்றையும் அழித்துவிடுங்கள்.

ஒருவேளை இந்தப் பேச்சு முறிந்து, முன்பின் தெரியாதவர்களுக்கு விளம்பரம் கொடுக்க நேர்ந்தால், ஓட்டிப் பார்க்க வருபவரின் ஓட்டுநர் உரிமத்தை முதலில் வாங்கிப் பாருங்கள். உரிமம் இல்லாதவரை ஓட்டவிட்டால் உரிமையாளருக்கும் தண்டனை உண்டு. பகலில், வீட்டார் ஒருவர் உடன் அமர்ந்து போகட்டும். ராணுவத்தில் இருக்கிறேன், நேரில் வர இயலாது, அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்த கியூ.ஆர். குறியை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடுங்கள் என்று யாரேனும் சொன்னால் உடனே துண்டித்துவிடுங்கள். பணம் பெறுவதற்கு பின் எண் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். வெளிமாநிலத்துக்காரர் வாங்குவதாக இருந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 28-ஆம் படிவத்தில் தடையின்மைச் சான்று பெற வேண்டும். இந்த அலைச்சல் வேண்டாம் என்று வியாபாரியிடமே கொடுப்பதானால், போக்குவரத்துத் துறையின் அங்கீகாரம் பெற்றவரா என்று கேளுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, அத்தகையவரிடம் வண்டியை ஒப்படைத்ததை 29சி படிவத்தின் மூலம் பதிவு செய்ய முடியும். அதன் பிறகு வண்டிக்கு அவர் பொறுப்பாவார். விலை சற்றுக் குறையும் என்றாலும் தனியாக இருப்பவர்களுக்கு இதுவும் நல்ல வழியே.

அக்கம்பக்கத்து மனத்தாங்கலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அவரிடம் சந்தேகமாகப் பேச வேண்டியதில்லை. “தம்பி, விலையில் எனக்கு ஒன்றும் மாற்றமில்லை. பணத்தை பேங்கிலேயே போட்டுவிடுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு இரண்டு பேருமாகப் போய்ப் பெயர் மாற்ற எழுதிக் கொடுத்துவிட்டு வருவோம். கட்டணத்தில் பாதி வேண்டுமானாலும் நான் தருகிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். காரை ஓட்டுவதற்காக வாங்குகிறவருக்கு இதில் இழப்பு ஏதும் இல்லை. அவர் பெயரில் ஆர்.சி. விரைவாகக் கிடைக்கிறது. இதற்கும் அவர் இசையாமல் வெற்றுப் படிவத்தையே கேட்டால், அட்வான்ஸ் ஏதேனும் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த தெருக்காரரிடம் நடந்ததை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். விற்பனை நடந்தால், எம்பரிவாகனில் உரிமையாளர் பெயர் மாறியதைக் கண்ணால் பார்க்கும் வரை வாரம் ஒரு முறை வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். புதிய ஆர்.சி.யின் நகல் ஒன்றை அவரிடம் கேட்டு வாங்கி, டெலிவரி நோட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.