உளநலத் தாதி ஒருவர் அறிகை நடத்தைச் சிகிச்சை செய்யலாமா? அதன் அடிப்படைகள் என்ன?

கேள்வியைப் பார்த்தால் தாதியர் பயிற்சிக் கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டது போல இருக்கிறது. நாளைக்கோ நாளை மறுநாளோ பரீட்சையாக்கும். சரி, பரீட்சைக்கு வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு வருவது என் கதை. வேண்டாதவர்கள் அந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

1960களில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஆரன் பெக் என்ற உளமருத்துவர் மனச்சோர்வு நோயாளிகளைப் பார்த்து வந்தார். அவர் படித்தது பிராய்டு வழியில் வந்த உளப்பகுப்பாய்வு. ஆனால் நோயாளிகள் பேசப் பேச, அவர்கள் மனதில் மின்னலாக வந்துபோகும் சின்னச் சின்ன வசனங்கள் அவர் கண்ணில் பட்டன. ‘நான் ஒன்றுக்கும் உதவாதவள்’, ‘இனி ஒன்றும் சரிவராது’ என்ற மாதிரி. யாரும் கூப்பிடாமல் வருவதால் அவற்றைத் தானியங்கி எண்ணங்கள் என்றார். மனச்சோர்வு வந்தவருக்கு இவை மூன்று பக்கமும் பாயும்: தன்மேல், உலகத்தின்மேல், வருங்காலத்தின்மேல். ஒரு சம்பவம், அதைப் பற்றி வரும் எண்ணம், அதனால் எழும் உணர்ச்சி, உடம்பில் நடப்பது, நாம் செய்வது, இந்த ஐந்தும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு செக்குமாடு மாதிரிச் சுற்றும். கவலையை நேரே பிடித்து நிறுத்த யாராலும் முடியாது. எண்ணத்தையும் செயலையும் பிடிக்கலாம். பிடித்தால் மற்றவையும் அசையும். வழமையாக 6 முதல் 20 சந்திப்புகள், ஒவ்வொன்றும் அரை மணி தொடக்கம் ஒரு மணி நேரம், இடையில் வீட்டில் செய்துகொண்டு வரப் பயிற்சி. எண்ணத்தையும் செயலையும் இப்படிப் பிடிப்பதுதான் அறிகை நடத்தைச் சிகிச்சை. அடிப்படை இவ்வளவுதான்.

தாதி செய்யலாமா? 1972இலேயே லண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையில் ஐசக் மார்க்ஸ் என்ற உளமருத்துவர் தாதியரை நடத்தைச் சிகிச்சையாளர்களாக, அதாவது இதில் செயலைப் பிடிக்கும் பாதியைச் செய்பவர்களாக, பயிற்றத் தொடங்கிவிட்டார். அச்சம், திரும்பத் திரும்பக் கை கழுவுவது போன்ற நோய்களுக்கு அந்தத் தாதியரே சிகிச்சை செய்தார்கள். ஆகவே “இது டொக்டர்மாரின் வேலை, நீங்கள் ஊசியைப் போடுங்கோ” என்று உங்களிடம் யாராவது சொன்னால் இந்த ஆண்டைச் சொல்லுங்கள். உடனே ஒருவர் வந்து “அவர்கள் முறையாகப் பயின்றவர்கள், நீ யார்?” என்று கேட்பார் என்று தெரியும். நான் முழுப் பயிற்சி பெற்ற சிகிச்சையாளன் இல்லை. வன்னியில் ஒரு கிளினிக்கில் வேலை செய்யும் சாதாரண தாதிய உத்தியோகத்தர். ஒரு உளமருத்துவரின் மேற்பார்வையில், அவர் சரி என்றதை மட்டும் செய்கிறேன். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று கேட்பது முதல் வேலை, கொப்பியும் பேனையும் அதற்குப் பிறகுதான். மருந்தை நிறுத்திவிட்டு இதைச் செய்யச் சொல்லவும் இல்லை. போதுமா?

இனி எங்கள் ஊர்ப் பிரச்சினை. வன்னியில் ‘யோசனை’ என்றாலே கவலை என்றுதான் பொருள். “அவ சரியான யோசனை” என்றால் அந்த மனுசி சாப்பாடு தண்ணி இல்லாமல் இருக்கிறா என்று விளங்கிக்கொள்ள வேண்டும். ஆறுதல் சொல்கிற எல்லோரும் “யோசிக்காதைங்கோ” என்பார்கள், நாங்களும் சொல்வோம். இந்தச் சிகிச்சையோ யோசித்ததை எடுத்து மேசையில் வை என்கிறது. முதன்முதலில் ஒரு அம்மாவிடம் கொப்பியைக் கொடுத்தபோது அவர் கேட்டார்: “என்ன தம்பி, டொக்டர் யோசிக்கக் கூடாது எண்டவர், நீங்கள் யோசிச்சதை எழுதிக்கொண்டு வரச் சொல்லுறியள். நான் ஆற்ற சொல்லைக் கேக்கிறது?” என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

இந்தக் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இன்னொரு அக்கா. அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

புதுக்குடியிருப்புப் பக்கம் வீடு. முல்லைத்தீவுக்கு வர ஏ35 வீதியால் நேரே ஒரு பஸ் போதும். அவர் ஒட்டுசுட்டான் போய், அங்கே பஸ் மாறி, முள்ளியவளையால் சுற்றி வருவார். கேட்டால் “அந்தப் பக்கம் றோட்டுச் சரியில்லை” என்பார். றோட்டு நன்றாகத்தான் இருந்தது. நடுவில் வட்டுவாகல் பாலம் இருந்தது. நந்திக்கடலுக்கு மேலாலே போகும் ஒடுங்கிய, பதிந்த பாலம். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் இருந்த சனம் அதால்தான் வெளியே வந்தது. அவரும் வந்தவர். நடக்க முடியாத மாமியை அந்தப் பக்கம் ஒரு பங்கருக்குள் விட்டுவிட்டு வந்தவர். நித்திரை இல்லை, நெஞ்சிடி, சமைத்ததை வாயில் வைக்கப் பிடிக்காது. மருந்து குடித்ததில் நித்திரை மட்டும் கொஞ்சம் வந்தது.

பல மாதம் கழித்துத்தான் அந்த வசனம் வெளியே வந்தது. “நான் அவவை விட்டிட்டு வந்தனான் தம்பி.”

நான் அப்போதுதான் ஒரு பயிற்சிப் பட்டறை முடித்திருந்தேன். எண்ணம் கோணிப்போகும் வழிகளை எண்ணப் பிழைகள் என்பார்கள், அந்தப் பட்டியல் மனப்பாடம். எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொள்வது இத்தனையாவது பிழை என்று எனக்குள் மணி அடித்தது. “அக்கா, அதில உங்கட பிழை ஒண்டும் இல்லை. அந்த நேரம் எல்லாரும் அப்பிடித்தான் வந்தவை” என்றேன். அவர் “சரி தம்பி” என்றார். அடுத்த இரண்டு கிளினிக்குக்கும் வரவில்லை.

டொக்டரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நீர் அவவுக்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறீர். அவவிட்ட ஒரு கேள்வியும் கேக்கேல்லையே” என்றார். உண்மைதான். அவர் சொன்ன வசனம் பொய்யே இல்லை, விட்டுவிட்டுத்தான் வந்தார். அதைப் பிழை என்று நான் சொன்னதும், இவனுக்கு ஒன்றும் விளங்காது என்று முடிவெடுத்துவிட்டார்.

(இந்த இடத்தில் பட்டறைகளைப் பற்றி ஒன்று. இரண்டு நாள் வகுப்பு, கோப்பு, பேனை, மத்தியானச் சாப்பாடு, குழுப்படம். அதோடு சரி. பிறகு நோயாளியோடு எப்படிப் போகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. திரும்பி வந்தால் கிளினிக்கில் கதவு இல்லாத அறை. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நாற்பது பேர் வரிசையில் நிற்க, இந்தப் பக்கம் ஒரு மனுசி தன் மாமியை விட்டுவிட்டு வந்ததைச் சொல்ல வேண்டும். இதையெல்லாம் எழுதுகிறபடியால் இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். எனக்குப் பேசி வந்த இரண்டு சம்பந்தங்கள் “பொடியன் விசர்க் கிளினிக்கில வேலையாம்” என்றே நின்றுபோயின. அதில் ஒரு வீட்டின் தகப்பன் எங்களிடம்தான் மருந்தெடுக்கிறார். வேறொன்றும் சொல்லவில்லை.)

அந்த அக்காவின் வீட்டுக்குப் போனேன். மாமரத்துக்குக் கீழே கதிரை போட்டுத் தந்தார். இந்த முறை ஆறுதல் சொல்லவில்லை. “அண்டைக்கு உங்கட வலது கையில என்ன இருந்தது அக்கா?” என்று கேட்டேன். சின்ன மகள். இடது கையில்? கணவரின் தோள். அவருக்குக் காலில் ஷெல் பீஸ் பட்டிருந்தது. அப்போது மாமி என்ன சொன்னவ? அக்கா நீண்ட நேரம் கோழிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “பிள்ளையைக் கொண்டு போ எண்டு சத்தம் போட்டவ” என்றார். இதை அதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

பொறுப்பைப் பங்குபோடுவது என்று ஒரு முறை இருக்கிறது. ஒரு வட்டம் கீறி, நடந்ததற்கு யார் யார், எது எது எவ்வளவு காரணம் என்று துண்டு போடுவது. தன் துண்டைக் கடைசியில் போடச் சொல்வோம். கொப்பியில் கீறினேன், அவருக்கு அது பிடிபடவில்லை. ஒரு ரொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கோ என்றேன். உடனே விரலால் வெட்டத் தொடங்கினார். பாதிக்கு மேல் சண்டைக்கு. ஒரு துண்டு கணவரின் காயத்துக்கு. ஒரு துண்டு மாமியின் சொல்லுக்கு. கடைசியில் நூல் மாதிரி ஒன்று மிஞ்சியது. “இது என்ர. இதை எடுக்க ஏலாது” என்றார். நான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் மறுபடியும் அந்தப் பட்டறைக்காரன் ஆகியிருப்பேன்.

பாலம் பிறகுதான். பயத்துக்குச் சைபரிலிருந்து பத்து வரை புள்ளி போடச் சொல்லி, ஏணிப்படி மாதிரிக் குறைந்ததிலிருந்து தொடங்குவோம். பாலத்தின் படத்தை என் போனில் பார்ப்பது நாலு. பாலத்தடிக்கு முன்னால் இறங்கி நிற்பது எட்டு. பஸ்ஸில் தாண்டுவது பத்து. ஒரு படியில் பயம் பாதியாகும்வரை அந்த இடத்தைவிட்டு விலகக் கூடாது. விலகினால், ஓடியதால்தான் தப்பினோம் என்று மனம் படித்துக்கொள்ளும். அவர் கண்ணை இறுக மூடி அம்மாளாச்சியைக் கூப்பிடுவார். கும்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கண்ணைத் திறந்துகொண்டு கும்பிடுங்கோ என்றேன். இதற்கும் கருத்துப்பெட்டியில் யாராவது சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

நாங்கள் அந்த ஓரத்தில் நின்ற நாள் நல்ல வெயில். எட்டு என்றார். பத்து நிமிடம் கழித்தும் எட்டு. பிறகு ஏழு. மீன்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் போகும்போது எங்களைப் பார்த்துவிட்டுப் போனார். ஆறு. திடீரென்று என் பக்கம் திரும்பி, “உங்களுக்கு எத்தினை தம்பி?” என்று கேட்டார். நானும் அதே பாலத்தால் வந்தவன், அப்போது எனக்கு 17 வயது. இதை நான் அவருக்குச் சொன்னதே இல்லை. வன்னியில் என் வயதுக்காரனைப் பார்த்தால் கணக்குப் போடத் தெரியாதா? “ரெண்டு” என்றேன். பேசாமல் பார்த்தார். “அஞ்சு” என்று திருத்தினேன். “அப்ப நில்லுங்கோ, இறங்கட்டும்” என்றார். அரை மணி நேரத்துக்கு மேல் நின்றோம்.

ஏழு மாதம் பிடித்தது. கிளினிக் மாதம் ஒருமுறை என்றால் அப்படித்தான் இழுபடும், புத்தகத்தில் போட்டிருக்கும் கணக்கு இங்கே வராது. எழுத வராதவர்களிடம் கொப்பியும் வேண்டாம். ஒரு ஐயா தான் தென்னம்பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றிய நாளுக்கெல்லாம் ஒரு கல் போத்தலுக்குள் போட்டுக் கொண்டுவந்தார். ஆர்வம் வரும்வரை காத்திராமல் ஒரு சின்ன வேலையைத் தொடங்கவைப்பது மனச்சோர்வுக்கு நல்ல பலன் தரும், வார்ட்டிலும் செய்யலாம். பரீட்சையில் செயலூக்கம் என்று வரும். உங்களுக்கே ஏலாமல் இருந்தால் 1926க்கு எடுங்கள், இலங்கையின் உளநல உதவி இலக்கம், தமிழிலும் பேசலாம்.

அக்கா இப்போது நேர் பஸ்ஸில்தான் கிளினிக்குக்கு வருகிறார். மே மாதத்தில் மட்டும் பழையபடி ஒட்டுசுட்டானால் சுற்றி வருவார். போன மே மாதமும் பிந்தித்தான் வந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை, கொப்பியிலும் எழுதவில்லை.