உங்கள் ஆட்டத்தை இன்னொருவர் நடத்தும்போது

கேள்வி: டென்மார்க்கில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை நான். ஈஸ்டருக்கு இங்கே நடக்கும் ஃபாஸ்டவால் ரோல்பிளே விழாவுக்கு ஒரு சீனாரியோ எழுதியிருக்கிறேன். அப்பாவின் அந்தியேட்டி முடிந்த மறுநாள், ஊர் வீட்டை விற்பதா வேண்டாமா என்று நான்கு பிள்ளைகள் கூடிப் பேசுவதுதான் கதை. நான் நடத்தியபோது இரண்டு பேர் அழுதேவிட்டார்கள். அதே 64 பக்கத்தை வைத்து என் சிநேகிதி நடத்தினாள், ஒன்றரை மணி நேரத்தில் படுத்துவிட்டது. பிழை அவளிலா, என் எழுத்திலா? (பெயர் வேண்டாம், ஆர்ஹுஸ்)

பதில்: எழுத்தில்தான். சிநேகிதியோடு முகம் முறித்திருந்தால் முதலில் அவளுக்கு ஒரு போன் போடுங்கள், அப்புறம் மிச்சத்தைப் படிக்கலாம்.

இந்த விளையாட்டு தெரியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடுவார்கள், கேம் மாஸ்டர் என்ற ஒருவர், சீனாரியோ என்னும் எழுதிய கதையை வைத்து ஆட்டத்தை நடத்துவார். ஃபாஸ்டவால் 1986இல் உங்கள் ஆர்ஹுஸில்தான் தொடங்கியது, இப்போது ஹோப்ரோவில் நடக்கிறது. அங்கே எழுதுகிறவர் ஒருவர், நடத்துகிறவர்கள் வேறு பலர். ஒரே ஆட்டம் ஒரே நேரத்தில் பல மேசைகளில் ஓடும்போது நீங்கள் எந்த மேசைக்கென்று ஓடுவீர்கள்?

நீங்கள் நடத்தியபோது பாதி ஆட்டம் உங்கள் தலைக்குள் இருந்தது. அக்கா எப்போது பேச்சை நிறுத்துவாள், தம்பி எந்தச் சொல்லுக்குக் கோபப்படுவான், அதெல்லாம் உங்களுக்குத் தெரியும். சிநேகிதிக்குக் கிடைத்தது காகிதம் மட்டும்.

இந்தத் தொல்லை ஒன்றும் புதிதில்லை. 1975இல் அமெரிக்காவில் பால்டிமோரில் நடந்த முதல் ஒரிஜின்ஸ் விளையாட்டு விழாவில், டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ், பொறிகள் நிறைந்த ஒரு கல்லறைக்குள் நடக்கும் டூம் ஆஃப் ஹாரர்ஸ் என்ற ஆட்டத்தைப் போட்டியாக நடத்தினார். போட்டி என்றால் எல்லா அணிக்கும் ஒரே கல்லறை இருக்க வேண்டும், நடத்துகிறவரின் பேச்சுத் திறமையால் ஒரு அணி பிழைத்து இன்னொன்று சாகக் கூடாது. அது 1978இல் அச்சில் வந்தபோது கூடவே ஒரு படப் புத்தகமும் இருந்தது: இந்த இடத்துக்கு வந்தால் ஆடுகிறவர்களிடம் இந்தப் படத்தைக் காட்டு. சொல்லத் தெரியாதவரும் காட்டிவிடலாம் இல்லையா? பொறி வைத்து ஆளைக் கொல்லும் அந்த வகை ஆட்டம் எனக்குப் பிடிக்காது, ஆனால் அந்தப் படப் புத்தக யோசனைக்குத் தலை வணங்குகிறேன்.

சரி, நீங்கள் அனுப்பிய பக்கங்களுக்கு வருவோம். யாழ்ப்பாணத்துச் சொத்து வழக்கச் சட்டமான தேசவழமைக்கு மட்டும் ஒன்பது பக்கம். 1707இல் டச்சுக்காரர் அதை எழுத்தில் கொண்டுவந்தது, சீதனம், முதுசொம், தேடிய தேட்டம், எல்லாம் இருக்கிறது. நான் ரசித்துப் படித்தேன், ஏனென்றால் எனக்கு அதெல்லாம் பிடிக்கும். ஆனால் யாழ்ப்பாணத்தை வரைபடத்திலும் பார்த்திராத ஒரு டேனிஷ்காரர், ஆட்டத்துக்கு முதல் நாள் நள்ளிரவில் கோப்பியைக் குடித்துக்கொண்டு இதைப் படிக்கும்போது, மூன்றாம் பக்கத்தில் தூங்கிவிடுவார். அவருக்கு வேண்டியது ஒரே வரி: "இந்த வீட்டை இளைய மகளுக்குச் சீதனமாகத் தருவதாக அப்பா வாக்குக் கொடுத்தார், எழுதிக் கொடுக்கவில்லை." சண்டைக்கு இது போதும். மிச்ச எட்டரைப் பக்கத்தையும் கடைசியில் போடுங்கள், விரும்புகிறவர் படிக்கட்டும்.

மூத்த அக்காவின் பாத்திரத் தாளும் அப்படித்தான். அவள் பள்ளிக்கூடம், அவள் காதல், இடம்பெயர்ந்து போன பாதை என்று ஆறு பக்கம். இதைக் கையில் வாங்குகிற ஆட்டக்காரர் முதல் நிமிடத்தில் என்ன செய்வார்? பரீட்சைக்கு வந்தவர் போல முழிப்பார். அதற்குப் பதில் இப்படி எழுதிப் பாருங்கள்: "வீட்டுச் சாவி உன் கைப்பையில் இருக்கிறது. அது தொலைந்துவிட்டதாக மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறாய்." மேசையில் ஒரு உண்மையான சாவியையும் கொடுத்துவிடுங்கள். அவர் கை தானாகவே பைக்குள் போகும்.

நானும் இதில் அடி வாங்கியவன்தான். ஒரு சின்னக் கூடலுக்கு எழுதிய ஆட்டத்தில் "இங்கே பதற்றம் கூடுகிறது" என்று ஒரு வரி போட்டிருந்தேன். நடத்தியவர் பாவம், அந்த வரியை அப்படியே ஆட்டக்காரர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். பதற்றம் கூட என்ன செய்ய வேண்டும் என்பதை நான் எழுதவே இல்லையே, அவர் வேறு என்ன செய்வார்? உங்கள் பிரதியில் அப்படிப்பட்ட வரிகளை எண்ணினேன், பதினொன்று. ஒவ்வொன்றையும் அடித்துவிட்டு, கதவு தட்டப்படுவதோ, வீட்டை வாங்க வந்தவர் முற்றத்தை அளப்பதோ, நடத்துகிறவர் செய்யக்கூடிய ஒன்றை எழுதுங்கள்.

முடிவை மாற்றிவிடுவார்களோ என்று இன்னொரு பக்கத்தில் பயந்திருக்கிறீர்கள். மாற்றுவார்கள். ஒரு மேசையில் வீடு விற்கப்படும், இன்னொன்றில் நான்கு பேரும் விறாந்தையில் உட்கார்ந்து சோறு சாப்பிடுவார்கள். அது பொறுக்காதென்றால் சிறுகதை எழுதுங்கள். ஃபாஸ்டவாலில் நல்ல ஆட்டங்களுக்குத் தரும் ஓட்டோ விருது, அந்தப் பொன் நிறப் பென்குவின், கனவில் வருகிறதென்றால் வரட்டும், இப்போதைக்கு அதை மறந்துவிடுங்கள்.

இனி ஒரு தடவை சோதித்துப் பாருங்கள், யாழ்ப்பாணம் தெரியாத ஒருவர் நடத்தட்டும். நீங்கள் அறையின் மூலையில் வாயை மூடிக்கொண்டு இருங்கள். அவர் தவறாகச் சொன்னாலும் திருத்த வேண்டாம், எந்தப் பக்கத்தைத் தேடி மூன்று தடவை புரட்டுகிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.