பழைய வேன் வாங்குறப்போ முதல்ல எதைப் பாக்கணும்?

கேள்வி: பழைய டெலிவரி வேன் ஒண்ணு வாங்கி கேம்பரா, அதாவது உள்ளயே படுத்துத் தங்குற மாதிரி வண்டியா மாத்தலாம்னு இருக்கேன். கம்மியா ஓடுன வண்டியா பாத்தா போதுமா?

பதில்: கிலோமீட்டர விட துருதாங்க முக்கியம். இன்ஜின் போனா கழட்டி சரி பண்ணிடலாம், ஆனா பாடில துரு இருக்குறப்பவே உள்ள இன்சுலேஷன் (சூடு, குளிரத் தடுக்குற அடுக்கு) போட்டு பலகை அடிச்சு மூடிட்டீங்கன்னா அது உள்ளுக்குள்ளயே தின்னுட்டே இருக்கும், வெளிய தெரியுறப்போ நீங்க ஆசையா செஞ்சது மொத்தத்தையும் பிரிக்கணும். அதனால டார்ச்சோட போய் வீல் ஆர்ச் (சக்கரத்துக்கு மேல இருக்குற வளைவு), கதவுக்கு அடியில, கூரை ஜாயிண்ட், கண்ணாடி ஓரம் எல்லாம் பாருங்க, தரை விரிப்ப தூக்கிப் பாக்காம விடவே விடாதீங்க. அங்கங்க மட்டும் புதுசா பெயிண்ட் அடிச்சிருந்தா எனக்கு சந்தேகம்தான்.

இன்ஜின் ஆறிக் கிடக்கும்போதே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க, முன்னாடியே சூடாக்கி வெச்சிருந்தா சில கோளாறு மறைஞ்சிடும். டைமிங் பெல்ட் (இன்ஜினுக்குள்ள வால்வுங்கள நேரத்துக்கு இயக்குற பெல்ட்) உள்ள வண்டினா அத எப்ப மாத்துனாங்கன்னு பில்லோட கேளுங்க.

அப்புறம் வெயிட், இத நெறைய பேரு மறந்துடுறாங்க. அனுமதிச்ச மொத்த எடைல காலி வண்டியோட எடைய கழிச்சா மிச்சம்தான் உங்களுக்கு, அதுலதான் கட்டில், பேட்டரி, ஆளுங்க எல்லாம் அடங்கணும், 100 லிட்டர் தண்ணியே 100 கிலோ. குறுக்கால படுக்கப் போறீங்கன்னா வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவ உள்ள படுத்தே பாத்துடுங்க, சுவத்துக்கு இன்சுலேஷன் போட்டா ரெண்டு பக்கமும் சில சென்டிமீட்டர் போயிடும்.