கஸ்டமருக்கு ஒரே ஒரு ரோ, மத்த விவரத்தோட எடுக்குறது எப்படி?

எஸ்க்யூஎல்ல (டேட்டாபேஸ்கிட்ட விவரம் கேட்குற மொழி) செலக்ட் கூட டிஸ்டிங்க்ட் போட்டும் ஒரே கஸ்டமர் பேரு ஏன் பல தடவை வருதுன்னு பார்ப்போம். டிஸ்டிங்க்ட்னா எல்லா ஃபீல்டும் அப்படியே ஒத்துப்போற ரோக்கள்ல ஒன்னை மட்டும் காட்டுறது, அவ்ளோதான். ஆர்டர் டேபிள்ல கஸ்டமர் பேரு கூட ஆர்டர் தேதியையும் சேர்த்துக் கேட்டா, தேதி மாறுறதால ஒவ்வொன்னும் வேற ரோன்னுதான் டேட்டாபேஸ் பார்க்கும், அதனாலதான் அதே பேரு திரும்பத் திரும்ப வருது. வீட்டுக்கு ஒருத்தர் கூட்டத்துக்கு வாங்கன்னா யாருன்னு சொல்லணும்ல, அதே மாதிரி எந்த ரோ வேணும்னு நீங்கதான் சொல்லணும். கடைசி தேதி மட்டும் போதும்னா குரூப் பை போட்டு (கஸ்டமர் வாரியா சேர்க்குறது) தேதிக்கு மேக்ஸ் (இருக்குறதுலயே பெரிய மதிப்பு) எடுங்க. முழு ரோவும் வேணும்னா ரோ நம்பர் ஃபங்ஷன்ல (ரோக்களுக்கு 1, 2, 3னு நம்பர் போடுறது) கஸ்டமர் ஐடிய பார்டிஷன் பைல (எதை வச்சு பிரிக்கணும்னு சொல்ற இடம்) குடுத்து, புது தேதி முதல்ல வர்ற மாதிரி ஆர்டர் பை பண்ணி, வெளிய இன்னொரு செலக்ட்ல நம்பர் 1 வந்ததை மட்டும் எடுங்க, என்னைக் கேட்டா இதுதான் நம்பி போடலாம் (போஸ்ட்கிரெஸ்ங்குற டேட்டாபேஸ்னா இதுக்கு ‘டிஸ்டிங்க்ட் ஆன்’னு தனியா ஒன்னு இருக்கு). பேரைச் சுத்தி பிராக்கெட் போட்டா அந்த ஃபீல்டுக்கு மட்டும் டிஸ்டிங்க்ட் வேலை செய்யும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்லை, வெறும் டிஸ்டிங்க்ட் எப்பவும் செலக்ட்ல இருக்குற எல்லா ஃபீல்டுக்கும் சேர்த்துதான்.