யாரைக் கேட்டு வெட்டினார்கள்? மரபணுத் திருத்தம் பற்றிய கேள்வி பதில்

மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் 18 வருடம் குப்பை கொட்டியவள் என்ற தைரியத்தில், மரபணுத் திருத்தத்தின் ஆபத்துகள் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் வாயை விட்டுவிட்டேன். 40 கேள்விகளுக்கு மேல் வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். 'டாக்டர்' என்று கூப்பிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவள், ஊசி போடுகிற டாக்டர் இல்லை. தயவுசெய்து ஸ்கேன் ரிப்போர்ட் அனுப்பாதீர்கள்.

கிரிஸ்பர் கிரிஸ்பர் என்கிறார்களே, அது என்ன அக்கா? பத்தாம் வகுப்போடு அறிவியலை விட்டவனுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

பாக்டீரியாவையும் வைரஸ் தாக்கும். தப்பிப் பிழைத்த பாக்டீரியா, தாக்கிய வைரஸின் டி.என்.ஏ. துண்டு ஒன்றைத் தன் டி.என்.ஏ.வுக்குள்ளேயே செருகி வைத்துக்கொள்ளும். போலீஸ் ஸ்டேஷனில் கேடிகளின் படத்தை மாட்டி வைப்பது போல. டி.என்.ஏ.வில் அந்தப் படங்கள் மாட்டிய இடம்தான் கிரிஸ்பர். அதே வைரஸ் மறுபடி வந்தால், அந்தப் படத்தின் நகலோடு காஸ்9 என்ற புரதம் கிளம்பிப் போய், ஆளை அடையாளம் பார்த்து வெட்டும். படத்தை நாம் மாற்றிக் கொடுத்தால் நாம் காட்டும் இடத்தில் வெட்டும் என்று 2012இல் ஜெனிபர் டௌட்னாவும் இமானுவேல் ஷார்பென்டியேவும் காட்டினார்கள். 2020இல் இருவருக்கும் வேதியியல் நோபல்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். காஸ்9 வெட்டும், அவ்வளவுதான். வெட்டுப்பட்ட இடத்தை ஒட்டுவது செல்லின் வேலை. அது அவசர அவசரமாக ஒட்டும்போது டி.என்.ஏ.வில் நாலு எழுத்து (அதன் ரசாயனக் கண்ணிகளைத்தான் எழுத்து என்கிறோம்) விட்டுப்போகும், இல்லை கூடிவிடும். அடுத்த கேள்விக்கு இது தேவைப்படும்.

சீனாவில் இரட்டைக் குழந்தைகளின் மரபணுவை மாற்றியவரை ஜெயிலில் போட்டார்களாமே. எய்ட்ஸ் வராமல் தடுத்தது அப்படி என்ன குற்றம்?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹே ஜியான்குய், ஷென்ஜென் நகரில் தெற்கு அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். 2018 நவம்பரில், மரபணு திருத்தப்பட்ட இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துவிட்டதாக அறிவித்தார். லுலு, நானா என்பவை அவர்களுக்கு வைத்த புனைபெயர்கள். எச்.ஐ.வி. நம் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் கதவுகளில் ஒன்று சிசிஆர்5 என்ற புரதம். ஐரோப்பியர்களில் சிலருக்கு அந்த மரபணுவில் 32 எழுத்துகள் இயற்கையாகவே இருக்காது, அவர்களை எச்.ஐ.வி. எளிதில் தொற்றாது. அதைக் கருவிலேயே செய்து பார்க்கப் போனார்.

சரி, பிறகு என்ன தப்பு? அப்பாவுக்கு எச்.ஐ.வி. இருந்தது, அம்மாவுக்கு இல்லை. அப்படிப்பட்ட தம்பதிக்கு, விந்தணுவைக் கழுவிப் பிரித்துத் தொற்றில்லாத குழந்தை பெற வைக்கும் முறை ஏற்கெனவே இருக்கிறது, இவரும் அதைப் பயன்படுத்தினார். ஆக அந்தக் குழந்தைகளுக்கு இல்லாத நோய்க்கு, தேவைப்படாத வைத்தியம். வெட்டிய பிறகு செல் தன் போக்கில் ஒட்டியதால், அந்த 32 எழுத்து நீக்கம் கிடைக்கவில்லை. மனித உடலில் அதற்கு முன் யாரும் ஆராய்ந்திராத புது மாற்றங்கள் வந்தன. எல்லாச் செல்லிலும் ஒரே மாற்றம் என்றும் சொல்ல முடியாது. சிசிஆர்5 இல்லாதவர்களுக்கு, கொசு பரப்பும் வெஸ்ட் நைல் வைரஸ் வந்தால் நோய் கடுமையாகும் என்பதும் அப்போதே தெரிந்த விஷயம்.

எனக்கு வயிற்றைப் புரட்டியது இதெல்லாம்கூட இல்லை. பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் அந்த வேலையை 'எய்ட்ஸ் தடுப்பூசி உருவாக்கும் திட்டம்' என்று சொன்னது. நெறிமுறைக் குழுவின் அனுமதிப் பத்திரம் போலி என்று நீதிமன்றம் சொன்னது. 2019 டிசம்பரில் 3 வருடச் சிறை, 30 லட்சம் யுவான் அபராதம். அதற்குள் வேறொரு பெண்ணுக்கு மூன்றாவது குழந்தையும் பிறந்துவிட்டது. 2022இல் அவர் வெளியே வந்துவிட்டார். குழந்தைகளிடம் இருக்கும் மாற்றத்துக்கு விடுதலை கிடையாது. அது அவர்களின் பிள்ளைகளுக்கும் போகலாம்.

அப்படியானால் மரபணு சிகிச்சை மொத்தமும் தப்பா?

இல்லவே இல்லை. உடம்போடு நிற்கும் திருத்தம் வேறு, வம்சத்துக்குப் போகும் திருத்தம் வேறு. ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்லை வெளியே எடுத்துத் திருத்தித் திரும்ப ஏற்றினால், அது அந்த ஆளோடு முடிந்தது. முழு விவரமும் சொல்லி அவரிடமே ஒப்புதல் கேட்க முடியும். கருவில் திருத்தினால், அனுபவிக்கப் போகிற யாரிடமும் கேட்க முடியாது. இந்தியாவில் திருத்திய கருவை வளர்த்துக் குழந்தையாக்க ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) வழிகாட்டுதல் அனுமதிப்பதில்லை.

மேடம், எல்லாரும் ஆபத்து ஆபத்து என்கிறீர்கள். என் பையனுக்குத் தலசீமியா. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற ஆஸ்பத்திரிக்கு அலைகிறேன். எங்களுக்கு இது எப்போது வரும் என்று மட்டும் சொல்லுங்கள்.

அம்மா, நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்வி. ஆபத்தைப் பற்றிப் பேச எங்களுக்கு வசதி இருக்கிறது, உங்களுக்கு அது இல்லை.

காஸ்ஜெவி என்ற கிரிஸ்பர் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் முதலில் அனுமதி தந்தது. ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துபோகும் சிக்கிள் செல் நோய்க்கும், ரத்தம் ஏற்றியே வாழ வேண்டிய பீட்டா தலசீமியாவுக்கும், 12 வயது நிரம்பியவர்களுக்கு. கருவில் இருக்கும்போது நமக்கு வேறு வகை ஹீமோகுளோபின் ஓடும், பிறந்த பிறகு ஒரு சுவிட்ச் அதை அணைத்துவிடும். இந்தச் சிகிச்சை அந்தச் சுவிட்சைக் கெடுத்து, பழைய ஹீமோகுளோபினை மறுபடி ஓட விடுகிறது. பலருக்கு ரத்தம் ஏற்றுவதே நின்றுபோனது. ஆனால் திருத்திய செல்லுக்கு இடம் ஒதுக்க, பழைய மஜ்ஜையைக் கடுமையான கீமோ கொடுத்து அழிக்க வேண்டும். அதனால் பின்னால் குழந்தை பிறப்பது பாதிக்கப்படலாம். அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர். நம் கணக்கில் 18 கோடி ரூபாய்க்கு மேல்.

அந்த விலையும் நெறிமுறைப் பிரச்சினைதான் என்று என் சக ஆய்வாளர்களிடம் சொன்னால் பேச்சை மாற்றுவார்கள். இந்தியாவில் சிக்கிள் செல் மரபணு முதன்முதலில் கண்டறியப்பட்டது 1952இல், நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம். ரத்தம் கொடுத்தவர்கள் மலையில் இருக்கிறார்கள், மருந்து அமெரிக்காவின் பாஸ்டனில் இருக்கிறது. டெல்லியில் உள்ள ஐ.ஜி.ஐ.பி. ஆய்வு நிறுவனம் சிக்கிள் செல்லுக்குக் குறைந்த செலவில் கிரிஸ்பர் சிகிச்சை கொண்டுவர உழைக்கிறது. அதில் எனக்கு நம்பிக்கை உண்டு, தேதி சொல்ல மாட்டேன்.

இப்போதைக்கு, உடன்பிறந்தவரின் மஜ்ஜை பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டீர்களா? அது நிலைபெற்ற சிகிச்சை. அப்புறம், 'ஸ்டெம் செல் போட்டுக் குணமாக்குகிறோம்' என்று யாராவது போன் செய்தால் பணம் கட்டுவதற்கு முன் உங்கள் ரத்தநோய் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ரத்தநோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்ற சிலதுக்குத்தான் இங்கே அங்கீகாரம். மற்றவற்றைப் பரிசோதனையாக மட்டுமே செய்யலாம், பரிசோதனைக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது.

இந்த ஆராய்ச்சிகளில் யாராவது செத்திருக்கிறார்களா?

ஆம். 1999 செப்டம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயதுப் பையன். கிரிஸ்பருக்கு முந்தைய காலம், வைரஸில் ஏற்றி மரபணுவை அனுப்பும் முறை. அவனுக்கு இருந்த ஈரல் நோய் பத்தியத்திலும் மாத்திரையிலும் கட்டுக்குள் இருந்தது. அவனுக்குப் பலன் கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை, பிற்காலக் குழந்தைகளுக்கு உதவட்டும் என்று தானாக முன்வந்தவன். ஊசி போட்ட 4ஆம் நாள் இறந்தான். பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. முந்தைய சோதனையில் குரங்குகள் செத்ததை ஒப்புதல் படிவத்தில் சொல்லவில்லை. ஆய்வுத் தலைவருக்கு, அந்தத் தொழில்நுட்பத்தில் ஆதாயம் உள்ள கம்பெனியில் பங்கு இருந்தது. ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாளே இந்தக் கதையைச் சொல்வேன். பைப்பெட் பிடிப்பது அப்புறம்.

சிவப்பான, உயரமான, புத்திசாலிக் குழந்தையை ஆர்டர் செய்கிற காலம் வருமா?

உயரத்தில் பங்குள்ள மரபணு மாற்றங்கள் மட்டும் 12,000க்கு மேல் என்று 2022இல் ஓர் ஆய்வு காட்டியது. ஒரு கத்தரிக்கோலை வைத்து அதைத் தைக்க முடியாது. புத்திசாலித்தனம் இன்னும் சிக்கல்.

ஆனால் 'முடியாது' என்பதில் எனக்கு நிம்மதி இல்லை. ஸ்கேன் மெஷினை யோசியுங்கள். வயிற்றுப் பிள்ளை நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வந்த கருவி. அதை நாம் எதற்குப் பயன்படுத்தினோம் என்பதற்கு 1994இல் ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது. இன்றைக்கும் ஸ்கேன் சென்டர் வாசலில் 'ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம்' என்று போர்டு தொங்குகிறது. அந்த மெஷின் வந்தபோது யாரும் மிரட்டவில்லை. வீட்டுப் பெரியவர்கள் ஆசைப்பட்டார்கள், அது போதுமானதாக இருந்தது.

கொசுவை மரபணு மாற்றி ஒழித்துவிடலாம் என்கிறார்கள். அதிலுமா நெறிமுறை?

மலேரியாவில் வருடத்துக்குச் சுமார் 6 லட்சம் பேர் சாகிறார்கள், பெரும்பாலும் ஆப்பிரிக்கக் குழந்தைகள். அதனால் கொசுவுக்காக நான் அழப்போவதில்லை.

ஜீன் டிரைவ் என்பதுதான் விஷயம். சாதாரணமாக ஒரு மரபணு பாதிப் பிள்ளைகளுக்குத்தான் போகும். டிரைவ் வைத்தால் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் போகும், தலைமுறைக்குத் தலைமுறை பரவும். 2018இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில், பெண் கொசுவை மலடாக்கும் டிரைவ் வைத்தபோது, கூண்டில் இருந்த அனோபிலிஸ் (மலேரியாவைப் பரப்பும் இனம்) கொசுக்கூட்டம் 7 முதல் 11 தலைமுறைக்குள் முற்றிலும் அழிந்தது. கூண்டுக்கு வெளியே விட்டால்? கொசுவுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. ஒரு நாடு சரி என்றால் பக்கத்து நாடும் சரி என்றதாகிவிடும். மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில் டார்கெட் மலேரியா என்ற ஆய்வுத் திட்டத்தினர் 2019இல் பானா கிராமத்தில், டிரைவ் இல்லாத மலட்டு ஆண் கொசுக்களைத்தான் விட்டார்கள். அதற்கே வருடக்கணக்கில் ஊரோடு பேசினார்கள். அப்படியும் 2025 ஆகஸ்டில் அரசு திட்டத்தை நிறுத்திவிட்டது.

நம் ஊர்க் கதையும் உண்டு. 1970களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனமும் ஐ.சி.எம்.ஆரும் சேர்ந்து டெல்லியில் கொசு மரபணுக் கட்டுப்பாட்டுத் திட்டம் ஒன்றை நடத்தின. பணம் அமெரிக்காவிடமிருந்து. இந்தியாவில் இல்லாத மஞ்சள் காய்ச்சலைப் பரப்பும் கொசுவில் இவர்களுக்கு ஏன் இவ்வளவு அக்கறை, உயிரியல் ஆயுத ஆராய்ச்சியா என்று பத்திரிகைகள் கேட்டன. பாராளுமன்றம் வரை போய், 1975இல் திட்டம் மூடப்பட்டது. அந்தச் சந்தேகம் நிரூபிக்கப்படவில்லை. விஞ்ஞானிகள் பலர் இதை 'மக்களின் அறியாமை' என்று இன்னும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விளக்கம் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் இருந்தால், சந்தேகம்தான் விளக்கமாகும்.

நெல்லையும் திருத்திவிட்டார்களாமே, சாப்பிடலாமா? (டெல்டா விவசாயி)

சாப்பிடலாம், அண்ணா. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த இரண்டு ரகங்களிலும் வெளி மரபணு எதுவும் சேர்க்கப்படவில்லை. அந்த வகைப் பயிர்களுக்கு 2022லேயே மரபணு மாற்றுப் பயிர்களுக்கான கடுமையான விதிகளிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டார்கள். வயிற்றைவிட விதையைப் பற்றிக் கேளுங்கள். கிரிஸ்பர் காப்புரிமை வெளிநாட்டு நிறுவனங்களிடம் இருக்கிறது, விதைக்கு யார் உரிமையாளர் என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். மூட்டையில் லேபிளும் வேண்டும் என்பது என் கட்சி.

வீட்டிலேயே யாராவது வைரஸ் தயாரிக்க முடியுமா?

'எப்படி' என்று கேட்ட இரண்டு பேருக்கும் பதில் கிடையாது. முடியுமா என்றால், வீட்டில் முடியாது, பயிற்சியுள்ள குழுவால் முடிந்திருக்கிறது. கனடாவில் ஒரு குழு, அழிந்துபோனதாகக் கருதப்பட்ட குதிரை அம்மை வைரஸை, தபாலில் வாங்கிய டி.என்.ஏ. துண்டுகளிலிருந்து உருவாக்கியது. செலவு சுமார் 1 லட்சம் டாலர். 2018இல் கட்டுரையாகவும் வந்துவிட்டது. பெரியம்மை இதன் நெருங்கிய உறவு. டி.என்.ஏ. விற்கிற கம்பெனிகள் ஆர்டரைச் சரிபார்ப்பது பல நாடுகளில் இன்னும் அவர்கள் இஷ்டம்தான். எனக்குத் தூக்கம் கெடுவது இதை நினைத்துத்தான், டிசைனர் குழந்தையை நினைத்து இல்லை.

மருத்துவப் பரிசோதனையில் சேரச் சொல்கிறார்கள். ஒப்புதல் படிவத்தில் எதைப் பார்க்க வேண்டும், அக்கா?

சி.டி.ஆர்.ஐ. (இந்தியாவின் மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு) பதிவு எண் இருக்கிறதா பாருங்கள், இணையத்தில் தேடினால் அந்த ஆய்வு வர வேண்டும். ஏதாவது ஆகிவிட்டால் சிகிச்சையும் இழப்பீடும் யார் தருவார்கள் என்று எழுதியிருக்க வேண்டும். நெறிமுறைக் குழுவின் போன் நம்பர் வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சை நிற்காது என்ற வரி வேண்டும். உங்களுக்கு ஒரு பிரதி தர வேண்டும். எல்லாம் உங்களுக்குப் புரிகிற மொழியில்.

என் சித்தியை ஒரு ஆய்வில் சேர்த்தபோது, 14 பக்க ஆங்கிலப் படிவத்தைக் கடைசிப் பக்கம் திருப்பி நீட்டினார்கள். ஐந்தாம் வகுப்பு படித்தவர். "இதுல என்ன எழுதியிருக்கு?" என்றார். "சும்மா ஃபார்மாலிட்டி, பாட்டி." "ஃபார்மாலிட்டின்னா எதுக்குக் கையெழுத்து?" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுநாள் தமிழ்ப் படிவம் வந்தது. முதலிலிருந்தே அலமாரியில் இருந்ததாம்.